இலை ஒன்றிடம், பூ இன்னொன்றிடம்: மதுரைத் தோட்டத்தில் லூபின் தேடுபவர்களுக்கு

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்ததும் மதுரைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் யாரும் விதைக்காத செடிகள் தலைகாட்டும். அவற்றில் நிமிர்ந்த கதிரில் அவரைப்பூச் சாயலாக ஊதாவோ மஞ்சளோ பூத்து நிற்கும் ஒன்றைக் கைபேசியில் படமெடுத்து, "இது காட்டு லூபின்தானே?" என்று கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். வெளிநாட்டுத் தோட்டப் படங்களில் ஊதாக் கம்பளம் விரித்ததுபோல் நிற்கும் லூபினைப் பார்த்த கண்ணுக்கு அந்த ஆசை இயல்புதான். "இல்லை" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த "இல்லை"யோடு நிறுத்திக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. லூபின் இல்லையென்றால் அது என்ன செடி? அதற்கு விடை தெரியாமல் பிடுங்கி எறிந்தால் மண்ணுக்கு நல்ல உரமாகும் செடி போய்விடும். தெரியாமலே வளரவிட்டால் கால்நடைக்கும் குழந்தைக்கும் ஆகாத விதை முற்றத்தில் சிதறிக் கிடக்கும். ஆகவே இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதல் கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த லூபினஸ் பேரினத்தின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்களும் மத்தியதரைக்கடல் சூழ்ந்த நாடுகளும். இந்தியாவில் அது காட்டுச்செடி இல்லை. கொடைக்கானல், ஊட்டி மாதிரி குளிர்ந்த ஊர்களில் விதை வாங்கித் தோட்டப்பூவாக வளர்க்கலாம். தரைப்பகுதி மதுரையில் அது தானாக வந்து முளைக்க வழியில்லை. மெனக்கெட்டு விதைத்தாலும் இங்கே இரண்டு தடைகள் உண்டு. ஒன்று வெயில்: தோட்டங்களில் பரவலாக வளர்க்கும் கலப்பின லூபின்கள் குளிரில் வேர்பிடித்து, இளவெயிலில் பூக்கிறவை. இன்னொன்று சுண்ணாம்பு. பெரும்பாலான லூபின்களுக்குப் புளிப்புத்தன்மையுள்ள, நீர் தேங்காத மணல்பாங்கான மண் வேண்டும். திருமங்கலம் பக்கத்துக் கரிசலிலும், ஆழ்துளைக் கிணற்றுச் சப்பைத்தண்ணீர் பாய்கிற தொட்டியிலும் மண்ணின் காரத்தன்மை கூடி, இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகும். நரம்பு பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் இளந்தளிர் வெளிறுவது அதனால்தான். டெக்சாஸ் மாநிலத்தின் நீல லூபின் சுண்ணாம்பு மண்ணைத் தாங்கும். அதுவும் குளிர்கால ஒருபருவச் செடி, விதைத்தால்தான் வரும். எனவே விதைக்காமல் முளைத்தது எதுவானாலும் அது லூபின் அல்ல.

இதையெல்லாம் விட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. இந்த ஊரில் லூபினைப்போலத் தெரிகிற செடிகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தால், லூபினின் இலை சில செடிகளிடம் இருக்கிறது. லூபினின் பூ வேறு சில செடிகளிடம் இருக்கிறது. இரண்டும் ஒரே செடியில் சேர்வது மிக அரிது. தவறு நேர்வது எல்லாம் பாதியைப் பார்த்து முழுசுக்கும் பெயர் வைப்பதால்தான்.

இலைக்காம்பின் நுனியைப் பாருங்கள்

லூபின் இலை ஒரு கூட்டிலை. நீண்ட காம்பின் நுனியில், ஒரே புள்ளியிலிருந்து ஐந்து முதல் பதினைந்துக்கும் மேற்பட்ட சிற்றிலைகள் விரிந்து நிற்கும். தாவரவியலில் இதை அங்கை வடிவக் கூட்டிலை என்பார்கள். இலைகள் தண்டில் மாற்றடுக்காக, ஒரு கணுவுக்கு ஒன்றாக அமையும். பனி இறங்கிய காலையில் சிற்றிலைகள் கூடுகிற நடுப்புள்ளியில் ஒரு நீர்த்துளி உருண்டு நிற்பது லூபினுக்குரிய நல்ல அடையாளம். ஆகவே செடி எதுவாக இருந்தாலும் முதலில் பூவை விட்டுவிட்டு இலைக்காம்பின் நுனிக்குப் போங்கள். சிற்றிலைகள் ஒரே புள்ளியில் கூடுகின்றனவா, காம்பின் இருபுறமும் வரிசையாக ஏறுகின்றனவா, மூன்றாக நிற்கின்றனவா, அல்லது சிற்றிலையே இல்லாமல் இலை தனித்திருக்கிறதா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதிச் செடிகள் கழிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: நாற்றுப் பருவத்து இலையை வைத்து எண்ணாதீர்கள். கொழிஞ்சி மாதிரியான செடிகளின் முதல் இலைகளில் சிற்றிலைகள் குறைவாகவே இருக்கும். செடி முழங்கால் உயரம் வந்த பிறகு, தண்டின் நடுப்பகுதியிலுள்ள முற்றிய இலையில்தான் எண்ண வேண்டும்.

ஒரே புள்ளியில் கூடும் இலையோடு மதுரையில் கண்ணில் படுபவை பெரும்பாலும் இரண்டு. முதலாவது நொச்சி. வேலியோரத்தில் நட்டதும் தானாக வந்ததுமாக ஊர் முழுக்க நிற்கும் செடி. மூன்று அல்லது ஐந்து சிற்றிலை, நுனிக்கதிரில் நீலமும் ஊதாவும் கலந்த சிறு பூ. படத்தில் மட்டும் பார்த்தால் லூபின் என்று ஏமாறுவதற்கு இதைவிடப் பொருத்தமான செடி இந்த ஊரில் கிடையாது. நேரில் போனால் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். நொச்சியில் இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்கும். இளங்கிளை நான்கு பட்டையாக இருக்கும். இலையின் அடிப்பக்கம் சாம்பல் பூத்த வெண்மை. கசக்கினால் அந்தக் காட்டமான வாடை யாருக்கும் தெரிந்ததுதான். காய் மிளகளவு உருண்டை. அவரைக் குடும்பத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இரண்டாவது வேளைச் செடி. நல்வேளையில் ஐந்து சிற்றிலை ஒரு புள்ளியில் விரிந்திருக்கும். வெள்ளையோ இளஞ்சிவப்போ கலந்த பூக்கதிர். மேல்நோக்கி நீளும் மெல்லிய காய். இலையும் கதிரும் காயும் சேர்ந்து வருவதால் அவரைக் குடும்பம் என்று நினைத்துவிடுவார்கள். பூவை எண்ணிப் பாருங்கள்: இதழ் நான்கு, எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி, மகரந்தத் தாள் ஆறு, அவை பூவின் நடுவிலிருந்து ஒரு தண்டின்மேல் உயர்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காய் முற்றி வெடிக்கும்போது இருபுற ஓடுகள் விழுந்த பின்னும் ஒரு மெல்லிய சட்டம் காம்பில் நிற்கும். விதைகள் அந்தச் சட்டத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். அவரைக் குடும்பத்துக் காயில் அப்படி ஒரு சட்டம் இருக்காது. மஞ்சள் பூவும் பிசுபிசுப்பும் கடுவாடையும் இருந்தால் அது நாய்வேளை. நல்வேளை கீரையாகச் சமைக்கக்கூடியது என்பதால் இதன் பெயரைச் சரியாக அறிவதில் அடுப்படிக்கும் பயனுண்டு.

பூவைப் பிரித்துப் பார்க்க வேண்டும்

இனி இலை ஒத்துப்போகாமல் பூ மட்டும் ஒத்துப்போகிறவை. இங்கேதான் ஆட்கள் அதிகம், குழப்பமும் அதிகம்.

அவரைப்பூவின் அமைப்பு எல்லோருக்கும் பழக்கம்தான், ஆனால் பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு பூவைப் பறித்து, குண்டூசியால் இதழ்களை ஒவ்வொன்றாக விலக்குங்கள். மேலே அகன்று நிற்பது கொடியிதழ் ஒன்று. பக்கவாட்டில் சிறகிதழ் இரண்டு. அடியில் ஒட்டி நிற்கும் இரண்டும் சேர்ந்து படகிதழ். இந்த அமைப்பு இல்லாமல் ஐந்து இதழும் கிட்டத்தட்டச் சமமாக விரிந்திருந்தால் அது ஆவாரை, ஊசித்தகரை, பேயாவரை ஆகியவை சேர்ந்த கூட்டம். லூபின் பேச்சுக்கே இடமில்லை. படகிதழைக் கீறி உள்ளே பார்த்தால் பத்து மகரந்தத் தாள்கள். அவரை, தட்டப்பயறு, சங்குப்பூ போன்றவற்றில் ஒன்பது தாள் ஒரு கட்டாகவும் பத்தாவது தனியாகவும் இருக்கும். லூபினில் பத்தும் ஒரே குழலாக இணைந்திருக்கும். மகரந்தப்பைகள் ஒன்றுவிட்டு ஒன்று நீளமும் குட்டையுமாக இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் இது தெளிவாகவே தெரியும். மதுரையில் இதே அமைப்பு, அதாவது பத்தும் இணைந்து பைகள் இருவகையாக இருப்பது, கிலுகிலுப்பைச் செடிகளிடம் உண்டு. அவரைக் குடும்பத்துக்குள் லூபினும் கிலுகிலுப்பையும் கிட்டத்து உறவு. எனவே கிலுகிலுப்பையைப் பார்த்து லூபின் என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கண் சரியான திசையில்தான் போயிருக்கிறது.

ஆனால் ஊதாக் கதிர் என்றவுடன் முதலில் சந்தேகிக்க வேண்டியது கொழிஞ்சியை. மேலூர்ச் செம்மண்ணானாலும் வைகைக்கரை மணலானாலும் ரோட்டோரச் சரளையானாலும் அது வரும். இலைக்காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசையாக ஏறி, நுனியில் ஒற்றைச் சிற்றிலையோடு முடியும். பதினொன்று முதல் இருபத்தொன்று வரை எண்ணலாம். கதிர் இலைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து கிளம்பும். இதைச் சந்தேகமில்லாமல் உறுதிசெய்ய ஒரு சோதனை இருக்கிறது. ஒரு சிற்றிலையின் அடியையும் நுனியையும் இரு விரல்களால் பிடித்து மெல்ல இழுங்கள். கொழிஞ்சி இலை குறுக்கே கிழியாது; பக்க நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாகச் சாய்ந்து ஓடுவதால் அந்தச் சாய்வை ஒட்டி அம்புமுனை வடிவில் பிரியும். காய்ந்து சுருண்ட இலையில் இது சரிவராது, பச்சையிலையில்தான் செய்ய வேண்டும். காய் தட்டையானது, மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளம், நுனி சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். வெடிக்கும்போது இரு ஓடுகளும் முறுக்கிக்கொள்ளும். லூபின் காயும் தட்டை, வெடிக்கையில் முறுக்கிக்கொள்வதும் உண்டு. அதனால் காயை மட்டும் கொண்டுவந்து காட்டினாலும் தடுமாற்றம் வரலாம். இலையோடு சேர்த்துப் பார்த்தால் வராது.

கொழிஞ்சியோடு பலரும் குழப்பிக்கொள்வது அவுரி. இதுவும் இருபுறமும் சிற்றிலை ஏறும் செடிதான். ஆனால் சிற்றிலைகள் குறைவு, ஏழிலிருந்து பதின்மூன்று வரை. கதிர் இலைக்கக்கத்திலிருந்து கிளம்பி இலையைவிடக் குட்டையாகவே நின்றுவிடும். காய் உருளை, கொத்தாகக் கீழ்நோக்கித் தொங்கும். இலையை இழுத்தால் அம்புமுனையாகப் பிரியாது. உலர்த்தினால் இலை கருநீலம் பாயும். இன்னொரு வேடிக்கையான அடையாளமும் உண்டு: புதிதாக விரிந்த அவுரிப்பூவின் படகிதழை ஊசியால் தொட்டால் அது சட்டென்று கீழே விழுந்து உள்ளிருக்கும் தாள்கள் துள்ளி வெளிவரும். தேனீ ஏற்கெனவே வந்துபோன பூவில் இது நடக்காது.

கிலுகிலுப்பையில், அதாவது குரோட்டலேரியா பேரினத்தில், ஒன்றல்ல, பல இனங்கள் இந்தப் பக்கம் உண்டு. தோட்டத்தில் எதிர்ப்படக்கூடியவற்றைச் சொல்கிறேன். நீலப்பூக் கிலுகிலுப்பை, குரோட்டலேரியா வெருகோசா: இலை தனியிலை, தண்டு நான்கு பட்டையாகக் கணுவுக்குக் கணு வளைந்து வளைந்து போகும், ஒவ்வொரு இலையடியிலும் பிறைபோல் வளைந்த பச்சை இலையடிச் செதில் இருக்கும். பூவின் வெளிர்நீலம்தான் லூபின் நினைப்பைக் கிளப்பிவிடுகிறது. குரோட்டலேரியா ரெட்யூசா: இதுவும் தனியிலைதான், நுனி மழுங்கியோ சற்றுப் பிளந்தோ இருக்கும், மஞ்சள் கொடியிதழில் செவ்வூதா வரிகள் ஓடும், காய் முற்றினால் கறுக்கும். குரோட்டலேரியா பல்லிடா: மூன்று சிற்றிலை, மஞ்சளில் செம்பழுப்புக் கோடுகள், நீண்ட கதிரில் நெருக்கமாகக் கீழ்நோக்கித் தொங்கும் உருளைக் காய்கள். பசுந்தாள் உரத்துக்கு விதைக்கிற சணப்பும் இதே பேரினம்; குறுகிய தனியிலை, பெரிய மஞ்சள் பூ, மயிர் போர்த்திய காய். இவை எல்லாவற்றிலும் படகிதழின் முனை அலகுபோல் கூர்மையாக வளைந்திருக்கும். சிறகிதழைக் கீழே அழுத்தினால் அந்த அலகின் நுனியிலிருந்து மகரந்தம் பிதுங்கி வரும். கனமான தச்சுத்தேனீக்கள் உட்காரும்போது நடப்பதும் அதுவே.

காய் வரட்டும்

இந்த வரிசையில் ஒரே ஒரு செடிதான் இலை ஒன்றிடம், பூ இன்னொன்றிடம் என்ற கணக்கைக் கலைத்துவிடுகிறது. குரோட்டலேரியா குயின்குஃபோலியா என்று ஒரு கிலுகிலுப்பை. ஈரமான வயலோரத்துச் செடி. கண்மாய் வண்டல் அடித்த தோட்டத்தில், தண்ணீர் தங்கும் தாழ்வான மூலையில் இதை எதிர்பார்க்கலாம். இதன் இலையில் நீண்டு குறுகிய சிற்றிலைகள் பெரும்பாலும் ஐந்து, ஒரே புள்ளியிலிருந்து விரியும். நுனியில் நிமிர்ந்த கதிர். அவரைப்பூ அமைப்பு. பத்துத் தாளும் ஒரே குழல். மகரந்தப்பை இருவகை. இலை லூபின், பூ லூபின். மஞ்சள் பூ லூபினிலும் உண்டு என்பதால் நிறத்தைச் சொல்லியும் தப்பிக்க முடியாது. இதைப் பூத்த நிலையில் படமெடுத்து அனுப்பினால், நன்கு தெரிந்தவரும் ஒரு கணம் நின்று யோசிக்கத்தான் வேண்டும்.

செடியின் பெயரைப் பூத்த அன்றே சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தை விடவேண்டிய இடம் இதுதான். அலகுள்ள படகிதழ் ஒரு சாடை காட்டும். ஆனால் லூபினின் படகிதழும் நுனியில் கூர்தான், ஆகவே அதை மட்டும் நம்பி முடிவுகட்டக் கூடாது. பூ உதிர்ந்து மூன்று நான்கு வாரம் பொறுத்திருந்தால் போதும், செடியே சொல்லிவிடும். லூபினின் காய் தட்டை, மயிர் அடர்ந்தது, விதைக்கு விதை இடையே சாய்வாகப் பள்ளம் விழுந்திருக்கும். ஓட்டுக்கும் விதைக்கும் நடுவே காலியிடமே இருக்காது. கிலுகிலுப்பையின் காயோ பிஞ்சிலிருந்தே காற்றடைத்து உப்பத் தொடங்கும். விரலால் அழுத்தினால் அமுங்கி மீளும். முற்றியபின் உள்ளே விதைகள் காம்பை விட்டுக் கழன்றுவிடும். காயை ஆட்டினால் சத்தம் கேட்கும். தட்டையா, உப்பலா என்ற இந்த ஒரு வேறுபாட்டுக்கு லென்ஸும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். இலையிலும் பூவிலும் தீராத சந்தேகம் காயில் தீர்ந்துவிடும்.

காய்க்காகக் காத்திருக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், உண்மையில் பெரிய காரணம், அதன் உள்ளே இருக்கிறது. லூபின் பருப்பு மாவு புரதச்சத்து உணவாக இப்போது விற்பனைக்கு வருகிறது. மத்தியதரைக்கடல் நாடுகளில் கசப்பு லூபின் பருப்பை வேகவைத்து, பல நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, கசப்பு போனபின் உண்கிறார்கள். கசப்பில்லாத லூபினை 1920களின் கடைசியில் ஜெர்மனியில் ரெய்ன்ஹோல்ட் ஃபான் செங்புஷ் தேர்ந்தெடுத்தார். இதையெல்லாம் படித்த ஒருவர் தன் தோட்டத்துக் கிலுகிலுப்பையை "காட்டு லூபின்" என்று நம்பிவிட்டால் அடுத்த எண்ணம் எங்கே போகும் என்பதுதான் என் கவலை. லூபினில் இருக்கும் நஞ்சு வேறு, கிலுகிலுப்பையில் இருக்கும் நஞ்சு வேறு. கிலுகிலுப்பை விதையில் மோனோகுரோட்டலின் போன்ற பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் உண்டு. அவை ஈரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துவிடும்; கேடு உடனே வெளியே தெரியாமலும் இருக்கலாம். ஊறவைத்தால் சரியாகிவிடும் என்ற லூபின் கணக்கை இதற்குப் போடவே கூடாது. ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் குரோட்டலேரியா ரெட்யூசாவைத் தின்ற குதிரைகள் ஈரல் கெட்டுச் செத்திருக்கின்றன. நம் நாட்டிலேயே, 1970களின் நடுவில், அன்று மத்தியப் பிரதேசத்திலும் இன்று சத்தீஸ்கரிலும் உள்ள சர்குஜா மாவட்டத்தில், சாமைத் தானியத்தோடு ஒரு கிலுகிலுப்பை இனத்தின் விதை கலந்துபோய், அதைச் சமைத்து உண்ட கிராமத்து மக்களுக்கு ஈரல் நோய் கண்டு உயிரிழப்பு ஏற்பட்டது. அங்கே யாரும் காட்டுச்செடியைத் தேடிப்போய்த் தின்னவில்லை. வயலில் நின்ற களை அறுவடையோடு களத்துக்கு வந்தது, அவ்வளவுதான். உசிலம்பட்டிப் பக்கம் சிறுதானியம் போடுகிறவர்களும், மாடித்தோட்டத்தில் ஆசைக்கு இரண்டு பாத்தி சாமை தூவியவர்களும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். உப்பிய காயுள்ள செடியைக் கதிர் முற்றுமுன் பாத்தியிலிருந்து அகற்றிவிட வேண்டும். அறுத்தபின் புடைத்துப் பிரித்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. சிறிய விதையுள்ள இனங்களில் அது நடக்காது.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. கிலுகிலுப்பைக் காயின் சத்தம் குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆட்டி விளையாடுவதால் கேடில்லை, விதை வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதே வேலியில் குன்றிமணிக் கொடி ஏறியிருந்தால் அதற்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ஓடு உடைந்த குன்றிமணி விதை கொடிய நஞ்சு. மணி கோக்கத் துளையிட்ட விதையும் உடைந்த விதைதான். பேயாவரை விதையும் சிறு பிள்ளைகள் தின்னக்கூடாதது. தோட்டத்தில் அவரை போன்ற காய் கண்ட எதையும் பெயர் தெரியும்வரை பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

படம் போதாது, கிளை வேண்டும்

மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்தும் முடிவுக்கு வரமுடியவில்லை என்றால் தெரிந்தவரிடம் காட்ட வேண்டியதுதான். பூக்கதிரை மட்டும் அருகில் போய் அழகாக எடுத்த படத்தால் ஒரு பயனும் இல்லை. குறைந்தது ஐந்து படம் எடுங்கள்: முழுச்செடி, இலையடிச் செதில் தெரியும்படி தண்டோடு சேர்ந்த இலை, பூவின் முன்பக்கமும் பக்கவாட்டும், பிஞ்சும் முற்றலுமாகக் காய், பிளந்த காயில் விதை. அளவு தெரிய அருகில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். கைபேசிச் செயலியிடம் கொடுத்தாலும் இந்த ஐந்தையும் கொடுங்கள். அது சொல்லும் பெயரை ஊகமாக மட்டும் எடுத்துக்கொண்டு, இலைக்காம்பு நுனியையும் காயையும் வைத்து நீங்களே சரிபாருங்கள்.

உலர்மாதிரி செய்வது இன்னும் நல்லது. இலை, பூ, காய் மூன்றும் உள்ள ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் கிளையை வெட்டி, செய்தித்தாள் மடிப்புக்குள் சில இலைகள் மேல்பக்கமும் சில அடிப்பக்கமும் தெரியும்படி விரித்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். முதல் நான்கைந்து நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும். கார்த்திகை ஈரத்தில் ஒரு நாள் மறந்தாலும் பூஞ்சணம் பிடித்து இலை கறுத்துவிடும். உப்பிய காயை அழுத்தாமல் தனியாகக் காகித உறையில் போடுங்கள். நசுங்கினால் அதன் முக்கிய அடையாளமே போய்விடும். பூவின் நிறத்தை அன்றே எழுதிவையுங்கள், ஏனெனில் நீலமும் ஊதாவும் உலர்ந்தால் மங்கும். நாள், இடம், மண், செடியின் உயரம் ஆகியவற்றையும் எழுத வேண்டும். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையமும், திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரகமும் தமிழ்நாட்டுச் செடிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்கள். உள்ளூர்க் கல்லூரியின் தாவரவியல் துறையில் முதலில் கேட்டுப்பார்ப்பது எளிது.

பெயர் தெரிந்த பிறகு

கொழிஞ்சி என்று உறுதியானால் தயவுசெய்து பிடுங்காதீர்கள். நெல்லுக்கு முன் அதை வெட்டி வயலில் மிதித்த ஊர் இது. ஆழமாக வேர் விடும், ஆடு எளிதில் கடிக்காது, தண்ணீர் கேட்காது. பூக்கத் தொடங்கியதும் தரையை ஒட்டி வெட்டி, கத்தரி, முருங்கை அடியில் மூடாக்காகப் போடலாம். ஒரு ஓரத்தில் சில செடிகளைக் காய்க்க விட்டால் விதை கிடைக்கும். விதையின் தோல் கடினமாக இருப்பதால் அப்படியே தூவினால் பெரும்பகுதி முளைக்காமல் கிடக்கும். சொரசொரப்பான மணலோடு சேர்த்துத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து, ஊதிப் பெருத்த விதையை மட்டும் விதைக்க வேண்டும். பெருக்காததை மறுபடி தேய்க்கலாம். அடித்தளம் தோண்டிய மண்ணைத் தோட்டத்தில் கொட்டினால் எங்கிருந்தோ கொழிஞ்சி வருகிறதே என்பதற்கும் இந்தக் கடினத் தோல்தான் காரணம்: மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கிய விதை, மேலே வந்து ஓடு உரசியதும் எழுந்துகொள்கிறது.

கிலுகிலுப்பையைக் கண்டால் ஒரேயடியாக ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆடு, மாடு வராத, தானியம் போடாத இடத்தில் அது நிற்கலாம். வரியன் வகை வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள் அதன் காய்ந்த தண்டையும் காயையும் சுரண்டி அந்த ஆல்கலாய்டை எடுத்துக்கொள்ள வரும். வெள்ளை இறகில் சிவப்பும் கறுப்பும் புள்ளியிட்ட ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு காயைத் துளைத்து வாழும். வைத்துக்கொள்ள விரும்பாதவர்கள் காய் கறுக்குமுன், உப்பத் தொடங்கிய நிலையிலேயே தரைமட்டத்தில் வெட்டிவிடுங்கள். வேரை மண்ணிலேயே விடுங்கள்.

வேரை விடச் சொல்வதற்குக் காரணம் அதிலுள்ள முடிச்சுகள். வெட்டுமுன் ஒரு செடியை மட்டும் மண்ணோடு தோண்டி எடுத்துத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும் முடிச்சுகள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியாவின் இருப்பிடம். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் காலம் முடிந்துவிட்டது. வேரே ஆங்காங்கே வீங்கி, தேய்த்தாலும் உதிராமல், கீறினால் உள்ளே வெளுத்திருந்தால் அது முடிச்சு அல்ல, நூற்புழுத் தாக்குதல். அந்தப் பாத்தியில் அடுத்த போகத்துக்குத் தக்காளியும் கத்தரியும் வேண்டாம். சணப்பை விதைத்து, பூத்ததும் காய்க்கவிடாமல் மடக்கி உழுதால் நூற்புழு குறையும்.